மோதிரக் கல்லில் ஒரு கீறல்

போன வருடம் நடந்தது இது. கண்டி நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், வீடும் அங்கேயே, மஹய்யாவ பகுதியில். அன்று பத்தாம் வகுப்புக்குக் கனியங்களைச் சோதித்து இனங்காணும் பாடம். முதலில் நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும், பிறகு நாணயத்தால், கடைசியில் இரும்பு அரத்தால். எது கீறுகிறதோ அதை வைத்துக் கல்லின் கடினத்தைச் சொல்லிவிடலாம். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பெருமை தலைக்கேறி, கையில் அரத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்தேன்.

என் பக்கத்து மேசை ஆசிரியை அக்குறணைக்காரர். விரலில் எப்போதும் ஒரு சந்திரகாந்தக் கல் மோதிரம். கல்யாணத்துக்குக் கணவர் கொடுத்தது. கையை அசைத்தால் கல்லுக்குள் நீல வெளிச்சம் ஓடும். "என்டதையும் பாருங்களேன் டீச்சர்" என்று சிரித்தபடி கழற்றித் தந்தார். ஓரத்தில் ஓர் இழுப்புதான் இழுத்தேன். அரம் வழுக்கி, கல்லின் நடுவரைக்கும் கீறல் விழுந்தது.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நானோ பெரிய மேதாவி போல, "அசல் கல்லு கீறாது டீச்சர். இது கண்ணாடி. சார் உங்கள நல்லா ஏமாத்திட்டாரு" என்றேன். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். மறுநாள் அவர் விரலில் மோதிரம் இல்லை.

அடுத்த வாரம் வினாத்தாள் தயாரிக்கும்போது, வகுப்புச் சுவரில் நானே ஒட்டிய அட்டவணையைப் பார்த்தேன். சந்திரகாந்தம் அரத்தைவிட மென்மையானது. அசலாக இருந்தாலும் கீறத்தான் செய்யும். கண்ணாடியும் கீறும். ஆக, என் சோதனை எதையுமே நிரூபிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது இன்னொருவர் மோதிரம்.

சனிக்கிழமை அக்குறணைக்கு பஸ் ஏறினேன். கணவர்தான் கதவைத் திறந்து கதிரை போட்டார். நான் வாயெடுக்கும் முன்பே அலுமாரியிலிருந்து மோதிரத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

"நீங்க கல்லப் பத்திப் படிப்பிக்கிற ஆள்தானே டீச்சர். தேங்கா துருவக்குள்ள திருவலையில அடிபட்டிச்சாம். இந்தக் கீறலப் போக்க ஏலுமா? எங்க நானா தன்ட கையால பட்ட தீட்டின கல்லு." நானா என்றது அவருடைய அண்ணனை.

அவருக்குப் பின்னால் நின்ற மனைவி, சொல்ல வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"நல்ல சந்திரகாந்தம். இந்தக் கல்லு லேசுல கீறும்" என்றேன். மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

மழை தூறியதால் பஸ் நிறுத்தம் வரை ஆசிரியை குடையோடு கூட வந்தார். வழியில் மன்னிப்புக் கேட்டேன்.

"உங்களக் காப்பாத்த மறைக்கல்ல டீச்சர். தெரிஞ்சா அவருக்கு நோகும்" என்றார். பிறகு குடையை எனக்குச் சரித்தபடி, "நீங்க சொன்னத்த நானும் நம்பிட்டேன். இத்தன வருஷம் கூட வாழ்ற மனுசன நம்பல்ல. எனக்கு அதுதான் வெக்கம்" என்றார்.

வெட்கப்பட வேண்டியவள் நான். அதையும் அவர் சுமந்துகொண்டிருந்தார்.

இப்போது மோதிரம் மறுபடி அவர் விரலில், அதே கீறலோடு இருக்கிறது. பழைய திருவலையின் மேல் பழிபோட்டுக் கணவர் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தாராம். சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து மேசையில் அந்தக் கல் மின்னும்போதெல்லாம், நான் அன்று கீறியது கல்லை மட்டுமல்ல என்ற நினைப்பில் என் தலை இன்றைக்கும் தானாகக் குனிகிறது.