எந்தச் சாதி ரத்தம்?

இன்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

என் தங்கை சரோஜாவுக்கு அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் வெளுத்துப்போய்ப் பிறந்து இறந்தன. ‘ராசி கெட்டவ’ என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார்.

இந்த முறை நானே மதராஸ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தாய் ரத்தமும் தகப்பன் ரத்தமும் ஒத்துப்போகாததால் வயிற்றிலேயே பிள்ளையின் ரத்தம் அழிகிறது என்றார் டாக்டரம்மா. பிறந்ததும் அந்த ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான்.

இன்று அவனோடு பஸ்ஸை விட்டு இறங்கினோம். ரத்தம் ஏற்றியதை என் கடிதத்தில் அறிந்து காத்திருந்த மாமியார் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“எந்தச் சாதிக்காரன் ரத்தத்த ஏத்திக்கினு வந்திருக்கீங்க?”

 சரோஜா திருப்பிக் கேட்டாள்.

“செத்த ரெண்டுக்கும் உங்க வூட்டு ரத்தந்தான் ஓடுச்சி அத்தே. எங்க அதுங்க?”

 அந்தம்மா பிள்ளையை வாங்கக் கை நீட்டவே இல்லை.

இருவரையும் அடுத்த பஸ்ஸில் விழுப்புரத்துக்கு, என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன்.

ரத்தத்தைப் பார்த்துச் சாதி சொல்லும் டாக்டர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். அந்தம்மாவை நானே என் செலவில் அழைத்துப் போகிறேன்.