இஸ்மாயில் கட்டிய காயில்

சுவிட்சைப் போட்டுவிட்டு ஜெய்னப் தலையைச் சாய்த்துக் கேட்டார். பெஞ்சின் மேலிருந்த மோட்டார் முனகியதே தவிர, சுற்றவில்லை. நிறுத்தினார். புல்லியில் கயிற்றைச் சுற்றி, மறுபடி சுவிட்சைப் போட்டு, வலப்பக்கம் சுண்டி இழுத்தார். ஓடியது. இடப்பக்கம் இழுத்தபோது அந்தப் பக்கமும் ஓடியது.

“ஓடுத காயில் ஓடத்தான் செய்யுது அண்ணாச்சி. கெளப்பி விடுத காயில்தான் கருகிட்டு.”

சங்கரன்கோவிலில் ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே இருக்கிறது அவருடைய கடை. கணவர் முகம்மது இஸ்மாயில் மோட்டார் காயிலுக்குச் செப்புக் கம்பி சுற்றும்போது எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்ட தொழில். இஸ்மாயில் சுற்றுகளை எண்ணுவார். பத்துக்கொரு தரம் ஜெய்னப் ‘ம்’ போடுவார். போன வருஷம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது எண்ணுவதும் ஜெய்னப்தான், ‘ம்’ போடுவதும் ஜெய்னப்தான். கடையநல்லூரிலிருக்கும் மகள் கூப்பிடும்போதெல்லாம் “பொறவு வாரேன்” என்கிறார்.

அன்று பெஞ்சின் மேலிருந்தது, எதிரே நின்ற தறிக்காரர் சங்கரபாண்டியின் மோட்டார். தறிக்கு நூல் சுற்றித் தரும் மிஷினில் ஓடுவது. இஸ்மாயில் கடைசியாகக் காயில் கட்டியது அதில்தான். எல்லாவற்றையும் வெட்டியெடுத்துப் புதிதாகக் கட்டிவிடச் சொன்னார் சங்கரபாண்டி.

ஜெய்னப்புக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கரண்டில் ஒரு காயில் மட்டும் இருந்தால் காந்தம் ஒரே கோட்டில் மாறி மாறி இழுக்கும், உள்ளிருக்கும் உருளை எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிடும் என்று விளக்கினார். பக்கத்திலிருக்கும் கிளப்பிவிடும் காயில் கண்டன்சர் வழியாகக் கொஞ்சம் முந்திக் கரண்டு வாங்கினால்தான் காந்தம் சுழலும், உருளையும் அதன் பின்னால் ஓடும். அந்தப் பக்கத்துக் காயிலை மட்டும் மாற்றினால் போதும் என்றார். சங்கரபாண்டியும் ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

கருகியதை எடுத்த பிறகு, வழக்கப்படி, டெஸ்ட் பல்பின் ஒரு வயரை மிச்சமிருந்த காயிலிலும் மற்றொன்றை இரும்புக் கூட்டிலும் வைத்தார். பல்பு மங்கலாக எரிந்தது. இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். அப்போதும் எரிந்தது. கரண்டு கூட்டுக்கு வருகிறது. சங்கரபாண்டியின் மனைவி பேச்சி வெறுங்காலோடு நின்று தொடுகிற மிஷின் அது.

பல்பை அணைத்தார். பிறகு உளியை எடுத்து, இஸ்மாயில் கட்டியதில் மிச்சமிருந்த அந்தக் காயிலையும் வெட்டினார்.

புதிதாகக் கட்டிய காயில்களுக்கு ஊற்றிய வார்னிஷ் காய்ந்த அன்று சங்கரபாண்டி வந்தார். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் தானாகக் கிளம்பியது.

“போதும்க்கா, எடுத்துட்டுப் போறேன்.”

“சூடு பாக்கணும் அண்ணாச்சி. ஓடட்டும்.”

ஓடுகிற மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். சங்கரபாண்டி சைக்கிள் கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு, கயிற்றைத் தயாராக வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோதும் அவர் கையை எடுக்கவில்லை.