"ரைட்" என்று நான் சொன்னது

அறுபதுகளின் தொடக்கம். தீபாவளி நெருங்கிய நேரம். ஹட்டன் கடைத்தெருவில் டெய்லர் கடை வைத்திருந்த நான், தைத்த துணிகளை மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கொடுத்துவிட்டு வர வாடகைக் கார் பிடித்தேன். டிரைவர் பழக்கமானவர், என்னைப் போலவே பிள்ளைகுட்டிக்காரர்; டெய்லர் என்பதால் என்னை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். கார் வேறொரு முதலாளியுடையது.

பாதி வழியில் பனி மூட்டம் இறங்கிவிட்டது. எதிரே கொழுந்து லொறி வந்து நின்றது. ஒதுங்க இடமில்லை, நாங்கள்தான் பின்னால் போக வேண்டும். டிரைவருக்கு வலப்பக்கம் மலை, இடப்பக்கம் பள்ளம். நான் இறங்கி, காருக்குப் பின்னால் மலையோரமாக நின்று "ரைட்... ரைட்..." என்று குரல் கொடுத்தேன். நேராக வந்த கார் திடீரென்று என் பக்கம் வளைந்தது. விலகுவதற்குள் என் வலது கால் பம்பருக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

உயிர் பிழைத்தேன். ஆனால் பாதம் அசையவில்லை. தையல் மெஷினை மிதிக்க முடியாத டெய்லர் என்ன செய்வான்? வீட்டில் மூன்று பிள்ளைகள். முதலாளியோ, "அவனா போயி பின்னால நின்னான், அதுக்கு நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நஷ்டஈடு கேட்டு நுவரெலியா கோர்ட்டில் வழக்குப் போட்டேன். டிரைவரோடு பேச்சையும் நிறுத்தினேன்.

என் வக்கீல் முதலிலேயே எச்சரித்திருந்தார். என் மேலும் தப்பு இருக்கிறது என்று கோர்ட் நினைத்தால், கடைசியில் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்.

விசாரணையில் முதலாளியின் வக்கீல், அன்று என்ன சொன்னாய் என்று கேட்டார்.

"ரைட், ரைட்னு சொன்னேங்க."

என் பேச்சையெல்லாம் இங்கிலீஷில் மாற்றிச் சொல்லிவந்த மொழிபெயர்ப்பாளர், இந்த வார்த்தையை மட்டும் மாற்றவில்லை. ஏற்கெனவே இங்கிலீஷ்தானே! அப்படியே ஜட்ஜிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். முதலாளியின் வக்கீல் தன் வலது கையை நீட்டிக் காட்டினார். ஜட்ஜ் எழுதிக்கொண்டார். வலது பக்கம் திருப்பு என்று நானே சொல்லி, என் காலை நானே நசுக்கிக்கொண்டதாக ஆகிவிட்டது. 'வரலாம்' என்பதற்குத்தான் அப்படிச் சொன்னேன் என்று கத்தினேன். இப்போது கதை கட்டுகிறான் என்றார் அந்த வக்கீல்.

அடுத்து டிரைவரைக் கூப்பிட்டார்கள். முதலாளியின் சாட்சி. முதலாளி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"ரைட்னு சொன்னாரா?" என்றார் முதலாளியின் வக்கீல்.

"சொன்னாருங்க."

அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. என் வக்கீல் எழுந்து, "அதக் கேட்டதும் நீங்க என்னன்னு நெனச்சீங்க?" என்றார்.

டிரைவர் முதலாளியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"வரலாம்னு சொல்றாருன்னு நெனச்சேங்க. பஸ்ஸுல கண்டக்டர் சொல்ற மாதிரி. திருப்பச் சொல்லல. பள்ளத்துக்குப் பயந்து வளைச்சது நான்தாங்க. மாஸ்டர் மேல தப்பு இல்ல."

மொழிபெயர்ப்பாளர் இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. வந்த நஷ்டஈட்டில் கடை தப்பியது. மெஷினை மிதிக்க ஓர் ஆள் வைத்தேன்.

ஆனால் டிரைவர் சாட்சி சொன்ன அன்றே, கோர்ட் வாசலில் முதலாளி கையை நீட்டினார். டிரைவர் சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்துக் கொடுத்தார். நான் கோலை ஊன்றிக்கொண்டு படியில் தடுமாறியபோது, ஓடி வந்து தோள் கொடுத்தார்.

"ஏண்ணே இப்படிப் பண்ணுனீங்க? பொழப்பு போயிருச்சே."

"கேட்டாங்க, சொன்னேன். பாத்து எறங்குங்க மாஸ்டர், படி வழுக்குது."

என் பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்க வழி பிறந்த அதே நாளில் அவர் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் போனதால், அந்த வழக்கில் நான் ஜெயித்தேன் என்று இன்றுவரை என்னால் வாய் நிறையச் சொல்ல முடிந்ததில்லை.