நூற்றிருபது பைகளை அடித்த நாள்

சென்ற மாதம் கொடைக்கானலில், நான் தங்கியிருந்த விடுதியின் பின்புறத்தில் இரண்டு பெண்கள் கம்பளிகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கம்பியில் விரித்துப் போட்டு, ஆளுக்கொரு கம்பால், மாறி மாறி. ஒவ்வோர் அடிக்கும் தூசி எழுந்து, வெயிலில் ஒரு கணம் நின்று, கலைந்தது. அன்று மாலை ஒரு கல்லூரி மேடையில் பேச வந்திருந்தேன். முதல் வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். ஆறாவது அடியிலோ ஏழாவது அடியிலோ, வாயில் நுரையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கம்பளி அடிக்கும் ஓசைக்கு ஒருவன் இப்படி உட்கார்வானா என்று நீங்கள் கேட்கலாம், நண்பரே. பைகளை அடிக்க வைத்தவனாக இருந்தால் உட்கார்வான்.

படிப்பு முடித்த ஆண்டில் எனக்கு இரண்டே சொத்துகள் இருந்தன: அலமாரி நிறையப் பட்டிமன்றக் கேடயங்கள், எந்தக் கட்சியில் நிறுத்தினாலும் வெல்லும் நாக்கு. இரண்டையும் எவரும் விலைக்குக் கேட்கவில்லை. கடைசியில், வடகவுஞ்சிக்குக் கீழே காப்பிக்கொட்டையை உலர்த்தித் தொலி நீக்கும் ஓர் ஆலையில் எழுத்து வேலை கிடைத்தது. அங்கே புதிதாக நிறுவியிருந்த தூசி வடிகட்டியின் ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்கி, எச்சரிக்கைப் பலகைகள் எழுத வேண்டும். உலகம் என் தமிழுக்காகக் காத்திருந்ததாகவே நான் எண்ணிக்கொண்டேன்.

அந்த எந்திரத்தைப் பற்றி நான்கு வரி சொல்லியாக வேண்டும். கொட்டையின் தொலி உடைபடும்போது மாவைவிட நுண்ணிய தூசி கிளம்பும். பெரிய விசிறி ஒன்று அதையும் உலர்த்தியின் சூட்டுக்காற்றையும் உறிஞ்சி, இரண்டு மாடி உயரமுள்ள தகரப் பெட்டிக்குள் இழுக்கும். உள்ளே நூற்றிருபது துணிப்பைகள், கம்பிக்கூடுகளுக்குச் சட்டை மாட்டியதுபோல் தொங்கும். காற்று துணியைக் கடந்து போய்விடும். தூசி துணியின் மேல் தங்கும். சற்றைக்கொருமுறை மேலிருந்து அழுத்தக் காற்று பைக்குள் பாயும்; பை உதறிக்கொள்ளும்; தூசி அடியிலுள்ள கூம்புத் தொட்டியில் விழும். அந்தப் பாய்ச்சல் துப்பாக்கி சுடுவதுபோலவே வெடிக்கும். முதல் நாள் அதைக் கேட்டு நான் தரையோடு தரையாகக் குனிந்தேன். தொழிலாளர்கள் ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் குனிந்து காட்டினார்கள்.

கையேட்டில் அந்தப் பாய்ச்சலுக்குப் பல்ஸ் என்று பெயர். நான் 'காற்றுத் துடிப்பு' என்று எழுதினேன். ஆலையில் எல்லோருக்கும் அது 'வேட்டு'. கூம்புத் தொட்டியை அவர்கள் 'வயிறு' என்றார்கள். பைகளின் இருபுறமும் உள்ள அழுத்தத்தைச் சிவப்புத் தண்ணீரால் காட்டும் கண்ணாடிக் குழாய்க்கு 'அழுத்த வேறுபாட்டுமானி' என்று நான் பெயர் சூட்டிப் பலகையும் மாட்டினேன். அது கடைசிவரை 'தண்ணிக்குழா'யாகவே இருந்தது. துணியைக் காக்க அதன் மேல் எப்போதும் படிந்திருக்க வேண்டிய மெல்லிய தூசி அடுக்குக்குக் கையேடு கேக் என்றது. நான் 'படலம்' என்றேன். பாக்கியம் அக்கா 'தோலு' என்றார்.

பை அறைக்குப் பொறுப்பு பாக்கியம் அக்காதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அந்தப் பழக்கத்தில் ஆலையை இஸ்டோரு என்றும் மேலாளரைத் தொரை என்றும் அழைப்பார். தொரை என்பதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று மேலாளருக்கே தெரியாது. கிழிந்த பையைத் தைப்பதும், புதுப் பையைக் கூட்டில் மாட்டுவதும் அவர் வேலை. நான் பலகை மாட்டிய அன்று இடுப்பில் கைவைத்து நின்று முழுதும் படித்தார். "போர்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. பை படிக்குமா?" என்றார்.

மலையைப் பனிமூட்டம் விடாமல் மூடியிருந்த ஒரு வாரம் அது. ஈரத்தில் தூசி அப்பிக்கொண்டது. சிவப்புத் தண்ணீர் அபாயக் கோட்டைத் தாண்டி ஏறியது. விசிறி மூச்சுத் திணறியது. தூசி ஆலைக்குள்ளேயே சுழன்றது. மறுநாள் காப்பி வாங்கும் வெளிநாட்டார் வருவதாக இருந்தது. காலையில் மேலாளர் எல்லோரையும் எடைமேடை அருகே கூட்டி, நூற்றிருபது பைகளையும் இன்றே அடித்துச் சுத்தமாக்க வேண்டும் என்றார். பாக்கியம் அக்கா முடியாதென்றார். இரண்டு நாள் வேண்டும். முதலில் உலர்த்தியின் அடுப்பை அணைத்து ஆற விட வேண்டும். வயிற்றைக் காலி செய்ய வேண்டும். பிறகு வரிசை வரிசையாக, மெல்ல, தோல் உரியாமல் தட்ட வேண்டும். அடுப்பை அணைத்தால் ஈரக்கொட்டை பூசணம் பூக்கும் என்று மேலாளர் கத்தினார். அக்காவும் கத்தினார். அப்போது மேலாளர் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார்" என்றார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படலத்தை முற்றிலும் அகற்றலாகாது, தீக்கங்கு புகக்கூடிய இடத்தில் தூசியைக் கிளப்பலாகாது என்ற பக்கத்தை என் கையாலேயே மொழிபெயர்த்திருந்தேன். அழகான மொழிபெயர்ப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட பக்கம் அது. ஆயினும் மேலாளர் என்னை ஒரு கட்சியில் நிறுத்திவிட்டார். நிறுத்திய கட்சிக்காக வெல்வதுதான் நான் பயின்ற ஒழுக்கம். எதிரே நாற்பது பேர் நின்றார்கள். நாற்பது பேர் நின்றால் எனக்குப் பக்கங்கள் நினைவுக்கு வருவதில்லை.

எடைமேடையில் ஏறினேன். துணியைக் காப்பது துணியின் அழுக்குத்தான் என்றால், நாம் ஏன் நாள்தோறும் வேட்டியை வெளுக்கிறோம் என்று கேட்டேன். அழுக்குக்குக் காவல் நிற்கும் ஒரே அரசி நம் அக்காதான் என்றேன். சிரிப்பு எழுந்தது. சிரிப்பின் மேல் ஏறி நின்று இன்னும் இரண்டு அடி அடித்தேன். பாக்கியம் அக்கா குரலை உயர்த்தவில்லை.

"பேச்சுல செயிச்சிட்டீங்க தம்பி. வயித்துக்குள்ள தூசி பறக்கையில அடுப்புலருந்து ஒரு கங்கு வந்தாப் போதும். இந்தத் தகரம் பூராம் நெஞ்சுல வந்து விழுகும். யாரு நெஞ்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"விசிறிய நிப்பாட்டிட்டுத்தானேக்கா அடிக்கப் போறோம். கங்கு என்ன, நடந்தா வரும்?" என்றேன். கைதட்டினார்கள். கூட்டத்தில் ஒருவன், "அக்கா அவுட்" என்றான். அவர் எவரையும் பார்க்காமல் மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். அடிக்கத் தெரியாதவர்கள் அடித்தால் பை கிழிந்துவிடுமாம்.

இரண்டு மணி நேரம் அடித்தார்கள். நால்வர் மேலே நின்று பைகளை அடிக்க, இருவர் வெளியிலிருந்து தகரச் சுவரை அறைந்தார்கள். ஆலை முழுவதும் எலும்பு முறிவதுபோல் அதிர்ந்தது. வெள்ளி ஓக் மரங்களில் இருந்த பறவைகள் அனைத்தும் கிளம்பிப் போயின. நான் அலுவலகத்தில் வெளிநாட்டாருக்கான வரவேற்புரை எழுதிக்கொண்டிருந்தேன். அடி நின்றபோது 'நீலமலை முகடுகள்' என்ற சொற்றொடரில் இருந்தேன்.

பிறகு நடந்தவற்றைப் பலர் சொல்லக் கேட்டுக் கோத்திருக்கிறேன். மற்றவர்கள் இறங்கி முகம் கழுவப் போனார்கள். பாக்கியம் அக்கா மட்டும் கீழே சென்று, நிறைந்திருந்த வயிற்றைக் காலி செய்ய அதன் கதவைத் திறந்துகொண்டிருந்தார். பெட்டிக்குள் தூசி இன்னும் படியவில்லை. அதே வேளையில் உலர்த்தியில் சூடு மிஞ்சுவதாக அடுப்பைப் பார்ப்பவன் கூவினான். விசிறியைப் போடு என்றார் மேலாளர். கீழே ஆள் இருக்கிறதா என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. விசிறி சுழன்றது, அடுப்பிலிருந்து கங்கு குழாய் வழியே வந்தது.

முதலில் என் மேசையின் தாள்கள் எல்லாம் சன்னல் பக்கம் இழுபட்டன. அதற்கப்புறம் வெடிப்பு அறைந்தது. சன்னல் கண்ணாடி என் தோளிலும் கன்னத்திலும் வந்து குத்தியது. வெளியே ஓடினேன். பெட்டியின் ஒரு சுவர் பிய்ந்து முற்றத்தில் கிடந்தது. தொட்டிக்கதவு நாற்பது அடி பறந்து ஒரு வெள்ளி ஓக்கை இடுப்பில் வெட்டியிருந்தது. எரியும் பைகள் ஒவ்வொன்றாகக் கூட்டோடு விழுந்துகொண்டிருந்தன. பாக்கியம் அக்கா உமிக்குவியலில் குப்புறக் கிடந்தார். கூந்தல் இல்லை. முன்கைகள் இரண்டும் கருகி வெடித்திருந்தன. புரட்டியபோது இரு காதுகளிலிருந்தும் ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. கண்கள் திறந்திருந்தன. "அக்கா, அக்கா" என்று நான் அலறினேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

உயிர் தப்பினார். கைகளில் தோல் வைத்துத் தைத்தார்கள். செவிப்பறைகள் இரண்டும் கிழிந்து, உள்ளும் சிதைந்துவிட்டதால் கேட்கும் திறன் திரும்பாது என்று மருத்துவர் சொன்னார்.

அறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆலையில் தமிழ் என்னிடம்தானே இருந்தது. 'பாக்கியம் மறுத்தார். அவர் சொன்னது சரி. நான் எதிர்த்து வாதிட்டேன்' என்று மூன்று வாக்கியங்கள் எழுதினேன். மேலாளர் சிவப்புப் பேனாவால் அவற்றை அடித்துவிட்டு, 'பணியாளரின் கவனக்குறைவு' என்று தம் கையால் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். எந்தத் தலைப்பிலும் எந்தக் கட்சியிலும் ஏழு நிமிடம் பேசக்கூடியவன், அன்று ஒரு சொல்லும் பேசாமல் கையெழுத்திட்டேன். மறுவாரம் வேலையை விட்டேன். அது வீரமன்று, ஓட்டம்.

கம்பளி அடி கேட்ட அன்று மாலை நான் மேடை ஏறவில்லை. பழனி பேருந்தில் ஏறி வடகவுஞ்சியில் இறங்கிக் கீழே நடந்தேன். ஆலை இல்லை. தகரப் பெட்டி நின்ற இடத்தில் ஒரு சுற்றுலா விடுதியின் கண்ணாடி அறைகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றின் முன்னால் புதுமணத் தம்பதி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காப்பித்தூசியின் அந்தப் புளித்த வாசனை எங்குமில்லை. வேட்டு, வயிறு, தண்ணிக்குழாய், தோலு என்று சொன்னால் புரிந்துகொள்ள அந்தச் சரிவில் இன்று எவருமில்லை, ஒருவரைத் தவிர.

அவர் தம் வீட்டு வாசலில் பட்டர்பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். விரல்கள் முழுதாக மடங்குவதில்லை; கட்டைவிரலால் நெம்பி உரித்தார். என்னை அடையாளம் கண்டு, உட்கார ஒரு பலகையைக் காலால் தள்ளினார். நான் உட்காரவில்லை. பேருந்தில் வரும்போதே உரையைக் கட்டியிருந்தேன். கையேட்டில் அந்தப் பக்கம் இருந்தது, எனக்குத் தெரியும், தெரிந்தே பேசினேன், அறிக்கையில் பொய்க்குக் கையெழுத்திட்டேன் என்று அனைத்தையும் சொன்னேன். ஒரு சொல்லும் கேட்காது என்று தெரிந்தும் சொன்னேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் உரிப்பதை நிறுத்தி, நான் முடிக்கும்வரை பார்த்திருந்தார்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் கையத் தூக்கித் தூக்கிப் பேசுனீங்க தம்பி" என்றார். தம் குரலின் அளவு தெரியாததால் அது தெரு முழுவதற்கும் கேட்டது. "அன்னைக்கு எனக்குக் காது கேட்டுச்சு."