இரண்டு சீட்டிலும் டில்லி

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் இருந்தபோது டில்லியிலிருந்து மகள் அழைத்தாள். பேத்திக்கு ஊடகவியல் முதுகலை படிக்க இரண்டு ஊர்களில் இடம் கிடைத்திருக்கிறதாம்.

"எனக்குப் போட்ட மாதிரியே நாச்சியார் சந்நிதியில சீட்டுப் போட்டுப் பாருங்கப்பா."

தொண்ணூறுகளில் அவளுக்கும் இதே படிப்புத்தான். மதுரை, டில்லி இரண்டிலும் இடம். தாயில்லாத வீட்டில் என்னைத் தனியே விடத் தயங்கினாள். அவள் ஆசை டில்லிதான் என்று நானே முடிவு செய்தேன். நாள்தோறும் பாசுரம் ஓதும் நான், இரண்டு சீட்டிலும் டில்லி என்றே எழுதி நாச்சியார் திருவடியில் வைத்தேன். ஒன்றை அவள் எடுத்தாள். மற்றதை மடியில் முடிந்துகொண்டேன்.

போனவள் அங்கேயே குடியமர்ந்தாள். ராஜபாளையம் வீட்டில் அன்றுமுதல் ஒருவருக்கு மட்டுமே உலை வைக்கிறேன்.

"அன்னைக்கு மதுரை வரணும்னு வேண்டிக்கிட்டுத்தாம்ப்பா எடுத்தேன். நாச்சியாரே போன்னு சொன்ன பொறவு என்ன செய்ய?" என்று சிரித்தாள்.

"சிக்னல் சரியில்லம்மா" என்று வைத்துவிட்டேன்.

இப்போது கோயில் பிரகாரத்தில் இரண்டு வெற்றுச் சீட்டுகளோடு அமர்ந்திருக்கிறேன். நாச்சியாரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டாயிற்று. மகளிடம் எப்படிக் கேட்பது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.