பூஜை அடுக்கில் சிக்கிய நாவல்

இந்த வருடம் ஆடியிலிருந்து புரட்டாசிக்குள் மூன்று புத்தகங்கள் வாங்கினேன். பாசன வாய்க்கால்களின் வரலாறும், கோடியக்கரைப் பக்கத்து உப்பளத்தில் நடக்கும் தடித்த நாவல் ஒன்றும் தஞ்சாவூர்க் கண்காட்சியில் வாங்கியவை. வலசைப் பறவைகள் பற்றிய மூன்றாவது தபாலில் வந்தது. வாங்கிய தேதியை முதல் பக்கத்திலும் முடித்த தேதியைக் கடைசிப் பக்கத்திலும் குறித்துவிடுவேன். வாய்க்கால் வரலாறு ஆவணி பிறக்குமுன் முடிந்தது. எங்கள் ஊர் மதகு அதில் ஓர் அடிக்குறிப்பில் வருகிறது. வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டேன். நாவலைக் குறுவை அறுப்பு தொடங்கிய வாரம் முடித்தேன். பறவைகள் இப்போது பாதியில்.

பேச்சுத்துணைதான் இல்லை. கணவர் பூதலூரில் அறுவடை இயந்திரம் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். நான் கதை சொன்னால் ‘ம்’ கொட்டிக்கொண்டே தூங்கிவிடுவார். ஒரே ஒரு புத்தகத்தையாவது அவர் கடைசிவரை படித்து என்னோடு பேச வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து ஆசை. கேட்டுக் கேட்டு அலுத்து விட்டுவிட்டேன்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கும்போது நாவலைக் காணோம். தேடினால் அவருடைய சாப்பாட்டுப் பையில் கிடந்தது. டிபன் கேரியர் சாயாமல் இருக்க அண்டக் கொடுத்திருப்பார் என்று எரிச்சலோடு துடைத்து, அடுக்கின் மேலே வைத்துச் சந்தனம் இட்டேன். பக்கத்தில் அவருடைய ஸ்பேனர்கள். எங்கள் வீட்டில் பூஜை முடிந்தால், மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை புத்தகத்தையும் கருவியையும் தொடக் கூடாது.

சுண்டல் சாப்பிட்டுவிட்டு அவர் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“என்னங்க தேடுறீங்க?”

“உப்பளத்துக் கதை. இதுலதான் வெச்சிருந்தேன்.”

“பூஜையில வெச்சிட்டேனே.”

“அத ஏன் எடுத்த? இன்னும் கொஞ்சந்தான் பாக்கி.”

எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. தஞ்சாவூரிலிருந்து இயந்திரத்துக்கு பெல்ட் வரும்வரை பட்டறையில் சும்மா புரட்டினாராம். அப்படியே பிடித்துக்கொண்டதாம்.

“அந்தத் தம்பிக்காரன் ஊர விட்டுப் போறானா இல்லையா? அத மட்டும் சொல்லு.”

வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அந்தப் புத்தகத்தை அவர் மறுபடி தொட மாட்டார்.

“சொல்ல மாட்டேன்.”

“ஸ்பேனரையும் வெச்சிட்ட, புக்கையும் வெச்சிட்ட. நாள் பூரா உன் மூஞ்சியவா பாத்துக்கிட்டிருக்கிறது?”

“பாருங்களேன். அதுலயும் படிக்க நெறைய இருக்கு.”

கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். “பூஜையில இருக்கறதுல கைய வெச்சே, தெரியும் சேதி.”

“வெக்கலம்மா.”

சாயங்காலம் வரை விதவிதமாகக் கேட்டுப் பார்த்தார். “போயிடுறான், அதானே?” என்று என் முகத்தையே கவனித்தார். நான் வடைச்சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் பயம் வேறு. அறுப்புக் காலம், விடிந்ததும் வயலிலிருந்து கூப்பிட்டால் ஓடிவிடுவார். பிறகு ஏது புத்தகம்?

நினைத்தபடியே காலையில் போன் வந்தது. எங்கேயோ இயந்திரம் சேற்றில் நின்றுவிட்டது. “பூஜை முடியட்டும், வர்றேன்” என்றார். எனக்கு முன்னால் குளித்து, தானே சூடம் காட்டி, பூஜை முடிந்ததற்கு அடையாளமாக அடுக்கை வடக்கே கொஞ்சம் நகர்த்தினார். ஸ்பேனரை எடுப்பார் என்று பார்த்தேன். நாவலை எடுத்து அங்கேயே தரையில் உட்கார்ந்தார். இட்லி ஆறிப்போனது. நான் கூப்பிடவில்லை.

மூடியதும் சொன்னார்: “இது சரியில்ல.”

“எது?”

“அண்ணன்காரன் கூப்பிட்டிருந்தா அவன் நின்னிருப்பான்.”

“ஆள் அனுப்பினானே.”

“ஆள் விட்டாப் போதுமா? தானே வரணும்ல?”

“அவனுக்கும் கோவம் இருக்காதா? ஏமாந்தது அவன்தானே?”

“நீ அண்ணன் கட்சியா?”

ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டே வாதாடினார். வண்டியைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே போனார். நானும் விடாமல் தெருவில் கூடவே நடந்தேன். எதிர்வீட்டு அக்கா கோலத்திலிருந்து நிமிர்ந்து, “நல்ல நாளும் அதுவுமா ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?” என்றார்.

“ஒரு நாவலைப் பத்திக்கா” என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.