நஸீரா டொக்டரும் முதலை முட்டைகளும்

"தாத்தா மௌத்தாகிட்டாங்க டொக்டர். அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். வருவீங்கதானே?"

நஸீரா டொக்டரின் தம்பி புத்தளத்திலிருந்து தொலைபேசியில் சொன்னபோது நான் உடப்பில் என் வீட்டில் இருந்தேன். அவர்கள் வழக்கில் தாத்தா என்றால் அக்கா. நஸீராவுக்கு நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டதாம். கொஞ்ச நாளைக்கு முன்னர்தான் அவர் என்னோடு கதைத்திருந்தார். "இன்னொரு முதலைக் கூடு கிடைச்சிருக்கு, குமார். ஒருக்கா வந்து பெட்டியப் பாத்துட்டுப் போங்க" என்றார். கோயில் திருவிழா முடியட்டும் என்றேன். திருவிழா முடிந்த பிறகும் நான் போகவில்லை.

யுத்தம் முடிந்த காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் மிருக வைத்தியர்களாக இருந்தோம். தொண்ணூறில் ஆயுதமேந்திய தமிழ் இயக்கத்தினர் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, சிறுமியாகப் படகில் கற்பிட்டியில் வந்து இறங்கியவர் அவர். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.

ஒரு கோடையில் எலுவன்குளத்தில் குளக்கட்டைத் திருத்தினார்கள். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டிய அந்தோனி, மண்ணுக்குள் முதலை முட்டைகளைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். வேலையை எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் ஏசியும் அவர் அசையவில்லை. வனசீவராசிகள் அதிகாரியின் அனுமதியோடு முட்டைகள் எங்களிடம் வந்தன. முந்தலில் ஒரு கோழிப்பண்ணையிலிருந்து பழைய அடைகாக்கும் பெட்டியொன்றை இரவல் வாங்கினோம். அதன் மூடியில் வட்டமான பெரிய வெப்பமானி ஒன்று இருந்தது. முள் முப்பத்தொரு பாகையை விட்டு விலகாமல் நஸீரா பார்த்துக்கொண்டார். விடுமுறை நாளிலும் வந்து பார்த்தார்.

பொரிக்கும் காலம் கடந்தும் ஒன்றும் வெளிவரவில்லை. ஒரு முட்டையைத் திறந்தார். உள்ளே குட்டி முழுதாக உருவாகி இறந்திருந்தது. மற்றவையும் அப்படித்தான். ஏதோ தோன்றி, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைப் பெட்டிக்குள் வைத்தார். இரசம் முப்பத்தைந்தைத் தாண்டி ஏறியது. பெட்டியின் முள் மட்டும் முப்பத்தொன்றிலேயே நின்றது.

"கவனிக்காம விட்டிருந்தாக்கூட மனசு ஆறும். நான் பாத்துப் பாத்தே சாகடிச்சிருக்கன், குமார்."

"பெட்டியோட வந்ததுதானே. உங்கட பிழையில்ல."

"அதச் சோதிக்காம நம்பினது ஆரு?"

அடுத்த நாளே எலுவன்குளத்துக்குப் புறப்பட்டார். நானும் போனேன். அந்தோனிக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதாதா என்று வழியில் கேட்டேன். "எங்கள ஊர விட்டு அனுப்பினவங்கள்ல ஒருத்தராவது நேர வந்து, பிழை செஞ்சிட்டம் எண்டு சொல்லல்ல. சொல்லியிருந்தா எங்கட உம்மாவுக்குப் பெரிய ஆறுதலா இருந்திருக்கும்" என்றார்.

அவர்களை விரட்டியபோது நான் பள்ளிக்கூடப் பையன். எனக்கு அதில் ஒரு பங்குமில்லை. ஆனாலும் நான் தமிழன். ஏதாவது சொல்லியிருக்கலாம். ஜீப்பின் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னர் வந்த வருடங்களிலும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

குளக்கட்டில் வெயிலில் நின்று நஸீரா எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். அந்தோனி தொப்பியைக் கழற்றினார். "பெக்கோவுல நசுங்கியிருந்தா ஆரும் கவலப்பட்டிருக்க மாட்டாங்க, டொக்டர். அடுத்த முறையும் கண்டா உங்களுக்குத்தான் கோல் எடுப்பன்" என்றார்.

சொன்னபடி அடுத்த கோடையில் அழைத்தார். அதற்குள் நஸீரா புத்தளத்திலும் கொழும்பிலும் அலைந்து பல வெப்பமானிகளை வாங்கியிருந்தார். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த பிளாஸ்கில் ஒவ்வொன்றாக வைத்தார். பூச்சியம் காட்டாதவை அங்கேயே ஒதுக்கப்பட்டன. "ஐஸுல சரியா இருந்தாப் போதாது. சூட்டுலயும் சரியா இருக்கணும்" என்று, தேறியவற்றைக் காய்ச்சல் வெப்பமானியோடு சேர்த்து வெதுவெதுப்பான நீரிலும் வைத்துப் பார்த்தார். இரண்டு மட்டும் மிஞ்சின. அவற்றை மூடியில் மாட்டாமல் முட்டைகளுக்கு அருகிலேயே வைத்தார்.

ஒரு பிற்பகலில் முட்டைகளுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. முதலைக் குட்டிகள் ஓட்டை உடைக்கும் முன்பே தாயைக் கூப்பிடும் என்பதைப் படித்திருந்தோம், கேட்டதில்லை. அலுவலகமே ஓடிவந்தது. நஸீரா கதிரையில் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"என்ன நஸீரா? சந்தோசப்படுங்களேன்."

"ஓம், சந்தோசந்தான். ஆனா அதுகளும் இப்பிடிக் கூப்பிட்டிருக்கும்தானே, குமார்?"

பிறகு எனக்கு இடமாற்றம் வந்தது. ஒவ்வொரு கோடையிலும் அவர் அழைப்பார். பெரும்பாலும் நான் ஏதாவது சாக்குச் சொல்வேன்.

அடக்கத்துக்குப் போகும் வழியில் அலுவலகத்தில் இறங்கினேன். பெட்டி அளவான சூட்டில் இருந்தது. முட்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. நான் திருத்த வேண்டியது எதுவுமே இல்லை. அவர் என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை. சும்மா பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

மையவாடியில் குழிக்கு அப்பால் ஓர் ஓரமாக நின்றேன். அவருடைய தம்பி வந்து, "நீங்களும் மண் போடுங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். போட்டேன். எல்லோரும் அவருக்காக இறைவனிடம் துஆக் கேட்டபோது எனக்கு வார்த்தைகள் தெரியவில்லை. கைகளை மட்டும் ஏந்திக்கொண்டு நின்றேன்.

உறங்குங்கள், நஸீரா. இந்த மண்ணிலிருந்து உங்களை எழுப்பி அனுப்ப இனி ஒருவரும் வரமாட்டார்கள்.